கதாநாயகி வெளிச்சம்

சித்தியை இரண்டு இடங்களிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டு, முகத்தில் களை இல்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். மூன்றாவதாக ஆவடியில் ஃபேக்டரி வேலையிலிருந்த மாப்பிள்ளை வருவதாக இருந்தது. அம்மா அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். மாமா அதோடு விடுவதாக இல்லை. படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாக இருந்த அந்தக் காலத்தில் அவர் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் லைட்மேன்.

"பொண்ணு மேல இன்னா கொற? ஊட்லதான் லைட்டிங் சரியில்லக்கா" என்றார்.

கரையான்சாவடியில் எங்கள் கூடம் பட்டப்பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும். இருந்த ஒரே ஜன்னலில் மாமா மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டினார். ஸ்டூடியோவில் கழித்துப்போட்ட, ஜிகினாத்தாள் ஒட்டிய பலகையைக் கொண்டுவந்து, வெளியே வெயிலில் என்னை நிறுத்திக் கையில் கொடுத்தார். பலகையில் பட்ட வெயில் திரும்பி, வேட்டி வழியாக உள்ளே போய், சித்தி உட்காருவதற்காகச் சுவரோரம் போட்டிருந்த பெஞ்சின் மேல் பால் போலப் படர்ந்தது.

"கீழேந்து அடிச்சா வில்லன். நேரா அடிச்சா போலீஸ் ஸ்டேஷன். இப்டி பக்கத்துலேந்து மெத்துனு வுட்டா கதாநாயகி. யாரு இன்னா சொன்னாலும் நீ அசையக் கூடாது, தெர்தா?"

பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன்.

வந்தார்கள். வேட்டியின் ஓரத்து இடுக்கில் எனக்கு எல்லாம் தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா, கடுகடுத்த முகத்தோடு, யாரும் எதுவும் சொல்வதற்குள் அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். சித்தி காபித் தட்டோடு இருட்டில் நின்றாள். மாமா ஜன்னலருகே வந்து, பலகையைத் திருப்பச் சொல்லிக் கண்ணால் ஜாடை காட்டினார், பல்லைக் கடித்தார். நானா அசைவேன்?

மாப்பிள்ளையின் அப்பா பெண்ணைப் பார்க்கவே இல்லை. தன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே," என்றார், அத்தனை பேர் இருப்பதையும் மறந்து, "கண்ணாலத்தன்னிக்குப் பாத்த மாரியே கீற!"

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கையை நீட்டி, "ஏன் அங்க நிக்கிற? இப்டி வந்து என் பக்கத்துல குந்து கண்ணு" என்று சித்தியை இழுத்துப் பெஞ்சில் உட்காரவைத்துக்கொண்டார். ஒரே வெளிச்சத்தில் இரண்டு பேர். மாப்பிள்ளை காபியை ஆறவிட்டுவிட்டு சித்தியைப் பார்த்தார்.

"லச்சணமாத்தான் கீது பொண்ணு. பூ வச்சிடலாம்" என்றார் அந்த அம்மாள்.

அவர்கள் தெரு திரும்பியதும் மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு முற்றத்தில் ஆடினார். எல்லாம் தான் போட்ட திட்டம்தான் என்று அம்மாவிடம் அளந்தார். நானோ, கல்யாணம் என் கையால்தான் நிச்சயமானது என்று தெருவெங்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒன்றே ஒன்றுதான் மனதை உறுத்தியது. வீட்டுக்காரர் அப்படிச் சொன்னதும் அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். பலகையை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்திருக்கலாம், பாவம், வெளிச்சத்தில் கண் கூசிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.