கேட்காமல் நகர்ந்த தம்ளர்

டொரன்டோவுக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு அம்மாள் காபி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "ஓகே" என்று சொல்லிவிட்டு, தன் கோப்பையில் மட்டும் ஊற்றிக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ராஜபாளையத்தில் முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு, மூன்றாவதைச் சொல்வதற்குள் தம்ளர் கையில் இருக்கும். சொல்லப்போனால் கேள்வியே கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அடுப்பு எரிய ஆரம்பித்துவிடும். வந்தவர் வாய்விட்டுத் தண்ணீர் கேட்கும்படி ஆகிவிட்டால் அந்த வீட்டுக்கே தலைக்குனிவு. இங்கே வாய்விட்டுக் கேட்டால்தான் எதுவும் நடக்கும் என்பதைப் பழகிக்கொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது. பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன், நாற்பத்தாறு வயதில் மறுபடி படிக்கக் கிளம்பும்வரை.

ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். இங்கே ஒரு பள்ளியில் உதவியாளராகக் காலம் ஓடியது. பேச்சுச் சிகிச்சையில் முதுகலை படிக்கப் போகிறேன் என்றதும் ஊரிலிருந்து மதினி, என் அண்ணன் மனைவி, போனில் சிரித்தாள். "ஏட்டி எஸ்தரு, பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்குற வயசுல நீ சிலேட்டத் தூக்கிட்டுப் போறியாக்கும்?" இங்கே யாரும் வயதைக் கேட்பதில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அந்தப் படிப்புக்கான தகுதிக்காக முதலில் மொழியியல் வகுப்பொன்றில் சேர்ந்தேன். முதல் நாள் தாமதமாக வந்த ஒரு மாணவி, என்னைப் பேராசிரியை என்று எண்ணி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு சிகிச்சை நிலையத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும்; அங்கிருக்கும் சிகிச்சையாளரிடம் பரிந்துரையும் வாங்க வேண்டும். எனக்குக் கிடைத்தவர் கேரன், என்னைவிட ரொம்ப இளையவர். அவரிடம் பீட்டர் என்றொரு முதியவர் வருவார். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர். எல்லாம் புரியும், சொல்தான் வராது. ஒருநாள் கேரன் காபிக் கோப்பையை பீட்டரின் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, புருவத்தை லேசாக உயர்த்திக்கொண்டு சும்மா இருந்தார். பீட்டர் கோப்பையைப் பார்த்தார், கேரனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அவருடைய உதடு நடுங்கியது. என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய் கோப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

"ரொம்ப அன்பான செயல்" என்றார் கேரன். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாராட்டு என்று நினைத்து நன்றிகூடச் சொன்னேன். பீட்டர் போன பிறகுதான், இந்த நாட்டு முறைப்படி மெல்லச் சிரித்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். "அந்த வார்த்தை வந்துகொண்டிருந்தது, எஸ்தர். அவருடைய முறையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்." இதே போல மறுபடியும் நடந்தால் பரிந்துரை எழுதுவது கஷ்டம் என்பதையும், திட்டாமலேயே புரியவைத்துவிட்டார். கார் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதேன். பீட்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் அண்ணன் முகம்தான் தெரிந்தது என்று கேரனிடம் எப்படிச் சொல்வது?

அண்ணன் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல். சர்ச்சில் அவர் பாட்டுப் பாடினால் பக்கத்தில் நிற்கிறவர்கள் வாயை மட்டும் அசைத்தால் போதும். ஐம்பத்திரண்டு வயதில் ஒருநாள் காலை பல் தேய்க்கும்போது விழுந்தார். கை கால் ஓரளவு திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. 'சரி' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. சிகிச்சைக்கு மதுரைக்குப் போக வேண்டும். கொஞ்ச நாள் போய்விட்டு நிறுத்திவிட்டார்கள். தேவையும் இல்லாமல் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். அவர் நிமிர்ந்தால் மதினி தண்ணீர் கொடுப்பாள், திரும்பினால் ஃபேனைப் போடுவாள். டீக்கடையில் கேட்காமலே சர்க்கரை குறைத்து டீ வரும். ஊருக்கே அவரைத் தெரியும். அதனால் அவர் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தனை பேரும் சேர்ந்து அவரை அப்படித் தாங்கினார்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நான் கேரன் மாதிரி செய்து பார்த்தேன். காபியை மேசையில் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். 'கா' என்று உதடு பிரிந்ததோ இல்லையோ, மதினி அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்து தம்ளரை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"கேக்க வச்சா குடுக்குறது? அவிய என்ன வீடு வீடா கையேந்தியா நிக்காவ? அவிய வாயத் தொறக்கும் முன்ன எனக்குத் தெரியும்ட்டி. உன் கனடாப் படிப்ப எல்லாம் கனடாவுலயே வச்சுக்க."

கோபத்தில் அவள் கண் கலங்கியிருந்தது. அண்ணன் "சரி, சரி" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

கேரன் எப்படியோ பரிந்துரை எழுதியிருந்தார். நான் ஊரில் இருக்கும்போதே நேர்காணல் வந்துவிட்டது. டொரன்டோவில் காலை எட்டரை, ராஜபாளையத்தில் மாலை ஏழு. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். எதிரே, படத்தில் தெரியாத பக்கமாக, அண்ணன் உட்கார்ந்துகொண்டார். மதினி அடுப்படி வாசலில் நின்றாள். திரையில் மூன்று பேர். முதல் கேள்வியே "ஏன் இந்தத் தொழில்?" அதற்கு என் மகள் சொல்லிக்கொடுத்த பதிலை வாரக்கணக்கில் மனப்பாடம் செய்திருந்தேன். வாயைத் திறந்தேன். நிமிர்ந்தபோது அண்ணனின் முகம். மனப்பாடம் செய்தது அத்தனையும் போய்விட்டது. ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

மூன்று பேரும் புருவத்தை லேசாக உயர்த்திக்கொண்டு காத்திருந்தார்கள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் படித்து, கெஞ்சி, கூட்டிச் சேர்த்தது எல்லாம் அந்த மௌனத்தில் கரைகிறது என்று எனக்கு வியர்த்தது. அண்ணன் தினமும் நிற்கும் இடம் இதுதானே என்று நினைத்தேன். அப்போது மேசையில் ஏதோ உரசும் சத்தம். அண்ணன் நடுங்கும் வலது கையால் தன்னுடைய தண்ணீர்த் தம்ளரை என் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். பாதி தண்ணீர் மேசையில் சிந்தியது. நான் கேட்கவில்லை.

எடுத்துக் குடித்தேன். அவர்கள் இன்னும் காத்திருந்தார்கள். பிறகு எனக்குப் பேச்சு வந்தது. மனப்பாடத்தை விட்டுவிட்டு எதிரே இருந்த அண்ணனையும் அந்தத் தம்ளரையும் பற்றியே சொன்னேன். கேட்காமல் கொடுப்பதுதான் அன்பு என்று வளர்ந்தவள் நான். கேட்கவிடுவதும் அன்புதான் என்று உங்கள் ஊரில் கற்றுக்கொண்டிருக்கிறேன். எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது என்றேன். முடிக்கும்போது அழுகிறேனோ என்று பயமாக இருந்தது. அவர்களில் ஒருவர், அண்ணனுக்கு வணக்கம் சொல்லலாமா என்று கேட்டார். கணினியைத் திருப்பினேன். மூவரும் கையை ஆட்டினார்கள். மதினி வாசலிலிருந்தே, "பாஸ் போட்டுட்டாவளா?" என்று கிசுகிசுத்தாள்.

நான் டொரன்டோ திரும்புவதற்கு முந்தின நாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் மதினியின் பிறந்த வீட்டுக்கு மூவரும் பஸ்ஸில் போனோம். ஏறியதுமே மதினி மெல்லச் சொன்னாள்: "அந்த வெள்ளைக்காரவிய உன்னைய செத்த நேரம் சும்மா பாத்துக்கிட்டே இருந்தாவல்லா? பாவிய, கொஞ்சம் உதவக் கூடாதான்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு. பொறவு பாத்தா நீ அம்புட்டு பேசுத."

கண்டக்டர் வந்தார். "அண்ணாச்சி, வில்லிபுத்தூர்தான?" என்று கேட்டுக்கொண்டே மூன்று டிக்கெட்டைக் கிழிக்கப் போனார். மதினி அவர் கையைப் பிடிக்காத குறையாக, "தம்பி, செத்த நேரம் பொறு. அவிய சொல்லட்டும்" என்றாள். கண்டக்டர் நின்றார். பின்னால் யாரோ சில்லறைக்காகக் கத்தினார்கள். அண்ணன் கழுத்து நரம்பு புடைக்க முயன்றார். மதினி சேலை முந்தியை வாயில் வைத்து அழுத்திக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது.

"மூ... மூணு" என்றார் அண்ணன்.

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. பயிற்சிக்கு அதே நிலையத்துக்குத்தான் அனுப்பினார்கள். இப்போது கேரன் பின்னால் உட்கார்ந்து கவனிக்கிறார். பீட்டருக்கு எதிரே நான். அவருடைய மனைவி வெளியே காத்திருப்பார். வந்ததும் அவரைக் கேட்காமலே ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்துவிடுகிறேன். முதல் நாள் திகைத்தார், இப்போது வாங்கிக்கொள்கிறார். உள்ளே வந்து, பீட்டருக்கு எட்டாத தூரத்தில் காபியை வைக்கிறேன். அவர் கோப்பையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். உதடு நடுங்குகிறது. மேசைக்கு அடியில் என் வலது கை தானாக எழும்புகிறது. இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, புருவத்தை லேசாக உயர்த்தி, நான் காத்திருக்கிறேன்.