கீழ்த்தாடை இல்லாத முகம்

அந்த வெண்கலப் பாத்திரத்துக்கு மூன்று கால்கள். மூவாயிரம் வருடமாகச் சோராமல் நிற்கிறது. அதற்குக் காவல் நின்ற எனக்கு இரண்டே கால்கள், காலை முடிவதற்குள் விண்விண்ணென்று வலிக்கத் தொடங்கிவிடும்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். மொன்றியல் நகர நடுவில் இருந்த ஒரு அருங்காட்சியகத்தில், சீனத்துப் பழம்பாத்திரங்கள் வைத்த அறை என் பொறுப்பு. கதிரையில் இருக்கக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. கழிவறை எங்கே என்று கேட்பவர்களுக்குப் பிரெஞ்சில் வழி சொல்ல வேண்டும். அதுதான் வேலை.

அன்று ஐயாவின் ஆட்டைத்திவசம், அவர் இறந்து முதல் வருடத் திதி. ஊரில் தொண்டைப் புற்றுநோயில் போனவர். என் அகதி வழக்கு முடியாததால் செத்தவீட்டுக்கும் போகவில்லை. திவசமாவது ஒழுங்காகச் செய்ய நினைத்தேன். மூத்த மகன் நான் படைக்கும்வரை பச்சைத் தண்ணீரும் பல்லில் படக் கூடாது. லீவு கேட்டதற்கு, ஆளில்லை என்று மேலாளர் கையை விரித்துவிட்டார். வேலை முடிந்து ரயிலில் ரொக்ஸ்பரோ வீட்டுக்குப் போய்ச் சேர இருட்டிவிடும்.

இந்தப் பாத்திரங்களில் சமைத்து, இறந்துபோன முன்னோருக்குத்தான் படைப்பார்கள் என்று அடுத்த அறைக் காவலாளியான சீனப்பெண் முன்பு சொல்லியிருந்தாள். நல்ல வேலைதான். யாரோ வீட்டுப் படையல் சட்டிக்குக் காவல் நிற்கிறேன், என் ஐயாவுக்கு ஒரு பிடி சோறு வைக்க வழியில்லை. எரிச்சலாக வந்தது.

பாத்திரத்தின் வயிற்றில் ஒரு முகம். உருண்டை விழிகள், வளைந்த கொம்புகள், சுற்றிவர நுணுக்கமான சுருள்கோடுகள். கீழ்த்தாடை மட்டும் இல்லை. வேறு நாட்களில் ரசித்துப் பார்த்த முகம்தான். ஐயா கடைசி மாதங்களில் கஞ்சியும் விழுங்க முடியாமல் கிடந்தது நினைவுக்கு வர, அன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மத்தியான இடைவேளையில் கீழ்த்தளத்துப் பொதுத் தொலைபேசியில் மனைவியை எடுத்தேன்.

"நான் வர இருட்டிப்போடும். நீரே படையும்."

"படைச்சிட்டன். விளக்கும் கொளுத்தியாச்சு. நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

"என்ர கையால படைக்காமல் எப்பிடிச் சாப்பிடுறது?"



"தொண்டை அடைச்சுக் கிடந்த நேரமும் மாமா போனில முதல் கேட்டது, நீங்கள் சாப்பிட்டீங்களோ எண்டுதானே. போய்ச் சாப்பிடுங்கோ."

காசு போட்டால் சாப்பாடு தரும் பக்கத்து இயந்திரத்தில், மரக்கறிதானா என்று பார்த்து ஒரு சீஸ் சான்ட்விச் எடுத்தேன். முதல் வாயை நன்றாக மென்றேன். ஐயாவுக்காக விழுங்கினேன்.