முழங்காலில் குத்திய மணல்

பனிக்காலம் முடிவதற்குள் என் வேலை சரிப்படாவிட்டால் கப்பலேற்றி அனுப்பிவிட வேண்டியதுதான் என்று பட்டறை மேஸ்திரி சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஊரில் சோறு ஏது? உருளைக்கிழங்குதான். அதுவும் இறங்கவில்லை.

பிரியமானவர்களே, நான் மயிலாப்பூர் பங்கைச் சேர்ந்த அந்தோணி. அப்பா இல்லை, அம்மா பங்குப் பள்ளியில் டீச்சர். காலேஜில் பௌதிகம் படித்துவிட்டு, யுத்தம் முடிந்த மறு வருடம் மூக்குக் கண்ணாடி வில்லை செய்யும் பயிற்சிக்காக இங்கிலாந்து போனேன். ஏட்டில் படித்ததெல்லாம் அங்கே கைக்கு வந்தது. திரும்பி வந்து நம் ஊரிலேயே பட்டறை வைக்க வேண்டும் என்று ஆசை. துறைமுகத்தில் அம்மா என் கையை விடவே இல்லை. "நல்லா கத்துக்கிட்டு வா ராசா. மாதா உன் கூடவே வருவா" என்றாள்.

வில்லைக்கு மெருகு போடும் அறைக்குள் முதல் நாள் நுழைந்தபோது, பழக்கதோஷம், பூட்ஸைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டேன். அவ்வளவு சுத்தமான தரை, மிதிக்க மனம் வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த மாம்பலம் சேஷாத்ரி ஓடி வந்து, "என்னடா இது, கோவிலுக்கு வந்தாப்பல கழட்டிண்டு நிக்கறே? மானத்தை வாங்காதே, போட்டுக்கோ!" என்றான். கூனிக் குறுகி மாட்டிக்கொண்டேன்.

பிறகு பனி கொட்டத் தொடங்கியது. என் வில்லைகளில் மயிரிழை போலக் கீறல் விழ ஆரம்பித்தது. மற்றவர்களுக்கும் விழுந்தது. ஆனால் கதவோரம் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அதிகம். மேஸ்திரி விளக்கில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். கை சரியில்லை என்றார்கள். நானும் அதை நம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா பீடத்தின் முன் முழங்காலிட்டேன். செபம் என்று சொல்ல முடியாது, சண்டைதான். "கூடவே வருவாய் என்று அம்மா சொன்னாளே, தாயே, எங்கே போனாய்? எந்த முகத்தோடு நான் ஊரில் இறங்குவேன்?" தேம்பித் தேம்பி அழுதேன். முழங்காலில் ஏதோ சுருக்கென்று குத்தியது. பொறுத்துக்கொண்டு செபமாலையை முடித்தேன். எழுந்து தட்டினால், மணல்.

அந்த ஊரில் கோயிலுக்குள்ளும் பூட்ஸோடுதான் வருவார்கள். பனி வழுக்காமலிருக்க ரோட்டில் தூவும் மணல் அத்தனையும் பூட்ஸில் ஒட்டிக்கொண்டு பீடம் வரை வந்திருந்தது. மெருகு போடும் அறைக்குள்ளும் அதே பூட்ஸோடுதானே போகிறோம்! பனிக்கு முன்னால் என் வில்லையில் கீறலே இல்லையே!

மறுநாள் கதவோரத் தரையைக் கைக்குட்டையால் துடைத்து மேஸ்திரியிடம் காட்டினேன். பூட்ஸில் வரும் இந்த மணல்தான் வில்லையைக் கீறுகிறது என்றேன். அவர் மணலை விரலால் நெருடிப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். அன்றே அறை முழுக்கக் கழுவினோம். எல்லோருடைய பூட்ஸும் வாசலுக்குப் போயிற்று. சேஷாத்ரி என் தோளைத் தட்டி, "நம்மாத்து வாசப்படி இங்கேயும் வந்துடுத்தேடா!" என்றான். கீறல் நின்றது. பயிற்சியை நல்ல பெயரோடு முடித்தேன்.

இன்று தியாகராய நகரில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். அங்கே நான் செய்த முதல் கண்ணாடி அம்மாவின் மூக்கில் இருக்கிறது. செபப் புத்தகத்தைத் தூரப் பிடித்துத் திணறியவள் இப்போது மடியில் வைத்தே வாசிக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைந்துவிடும். வருகிறவர்கள் செருப்பை வெளியே விட வேண்டும். "இன்னா நைனா, இது கடையா கோயிலா?" என்று கேட்பார்கள். ரெண்டுந்தான் என்பேன்.

உங்களுக்கும் ஏதாவது கஷ்டம் இருக்கும். கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், தாய் கோபித்துக்கொள்ள மாட்டாள். முழங்காலில் ஏதாவது குத்தினால் மட்டும் சட்டென்று தட்டிவிடாதீர்கள். என்னவென்று குனிந்து பாருங்கள்.