துணி எடுக்காத டாக்டர்

செங்கல்பட்டு பஜாரில் எங்கள் அத்தாவுக்குத் துணிக்கடை. நம்மிடம் துணி எடுப்பவரின் தொழிலை நாமும் ஆதரிக்க வேண்டும் என்பது அவர் சட்டம். இது டாக்டர்களுக்கும் பொருந்தும் என்று அவர் நினைத்ததுதான் வம்பாகிப் போனது.

எங்களிடம் துணி எடுக்கும் டாக்டர்கள் மூன்று பேர். ஒருவர் பஜாரிலேயே, ஒருவர் கருங்குழியில், ஒருவர் திருக்கழுக்குன்றத்தில். அத்தாவுக்கு ரத்தக்கொதிப்பு என்று தெரிந்ததும் மூவரிடமும் முறை வைத்துப் போனார். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் மூச்சு விடமாட்டார். அடுத்த கடையில் எடுத்த துணியை நம் கடையில் பிரித்துக் காட்டுவது போல ஆகிவிடுமாம். மூவரும் கொடுத்த மாத்திரைகளை ஒன்று விடாமல் விழுங்கினார். மரியாதை தெரிந்த மனிதர்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். எழுந்தால் அவருக்குத் தலை சுற்றியது, மூக்கு அடைத்தது. அதைவிட மோசம், யாரையும் திட்டவில்லை. நான் துணியைக் கோணலாகக் கிழித்தும் சும்மா இருந்தார். கல்லாவில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு அழுதார். தன் காலம் முடிந்தது என்று சொல்லி, பக்கத்து நகைக்கடைக்காரரிடம் கடையை விற்கவும் பேசிவிட்டார். பொங்கல் கழித்து முன்பணம். எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் பொது மருத்துவம் பார்க்கும் டாக்டரிடம் இழுத்துப் போனாள். நானும் போனேன். எங்கள் கடைப்பக்கமே வராத மனிதர் அவர். நைந்துபோன சட்டைக் காலரைப் பார்த்ததுமே அத்தாவுக்கு அவர்மேல் மதிப்பில்லை.

பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அத்தனை கேள்வி கேட்கமாட்டார்கள். தூக்கம், பசி, மலம், மனசு, எல்லாம் கேட்டார். கடைசியில், "வேற எங்கயாவது மாத்திரை சாப்புடுறீங்களா பாய்?"

"இல்ல டாக்டரே." அத்தா கண் இமைக்காமல் சொன்னார்.

அம்மா பையைத் திறந்து மேசையில் கொட்டினாள். "இல்லியா? அப்ப இது இன்னா, பட்டாணியா?"

டாக்டர் மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். "மூணும் ஒரே மருந்து பாய். பேருதான் வேற. இது அளவு மீறினா கொதிப்பை மட்டும் எறக்காது, மனசையும் எறக்கிடும்." மூன்றையும் நிறுத்தி, வாரா வாரம் வரச் சொன்னார். "இதக் குடுத்த மூணு டாக்டருங்ககிட்டயும் சொல்லிடுங்க."

"அதுக்கு நான் மௌத்தாயிடலாம்."

"சாகுறதுக்குத்தானே வழி பண்ணிட்டு இருந்தீங்க."

"ஒரு ஊசிகூடப் போடல, இவரெல்லாம் ஒரு டாக்டரா" என்று அத்தா வீடுவரை முனகிக்கொண்டே வந்தார். ஆனாலும் வாரா வாரம் போனார், அம்மா விடவில்லை.

பொங்கல் கழிந்து நகைக்கடைக்காரர் முன்பணத்தோடு வந்தார். உட்காரும் முன்பே நடுச்சுவரைத் தட்டிப் பார்த்து, "இத்த இடிச்சிடலாம்" என்றார்.

அத்தா மெல்ல நிமிர்ந்தார். "யார் செவுத்த யாருய்யா இடிக்கிறது? போய்யா வெளிய." அப்படியே என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாடா வேடிக்கை பாத்துகினு கீறே? துணிய மடி, கழுத."

அதற்கு மேல் வந்தவை அச்சில் ஏறாது. சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. துணியைக் கோணலாக மடித்தேன். அதற்கும் திட்டினார்.