சேனை வைக்க என்னைக் கூப்பிட்டார்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை. குரோம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். செல்போன் அடிக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டு முருகேசன் அண்ணா.

"பொண்ணு பொறந்துகீதும்மா! உடனே பம்மல் வா. நீதான் சேனை வைக்கணும்."

சேனை தெரியும்தானே? பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகத் தொட்டு வைக்கிற சர்க்கரைத் தண்ணீர். சில வீடுகளில் தேன். வைக்கிறவர் குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. அதனால் ஆள் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

நான் பயோடெக்னாலஜி படித்தவள், பத்திரிகையில் வேறு எழுதுகிறவள்... பாப்பாவுக்கு என் மூளை வரணுமாம்! ஏன் பொய் சொல்ல வேண்டும் — பஸ் ஏறும்போது கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது.

பல்லாவரம் தாண்டுவதற்குள் மிதப்பு இறங்கிவிட்டது. சேனைதான் முதலில் என்றால், குழந்தைக்கு இன்னும் பால் கொடுக்கவில்லையா? எனக்காகவா பட்டினி போட்டிருக்கிறார்கள்?

ஆமாம். எனக்காகத்தான்!

நர்சிங் ஹோமில் நான் நுழையும்போது பாப்பா பிறந்து இரண்டு மணி நேரம். வீல் வீல் என்று அழுகிறது. கட்டிலில் முருகேசன் அண்ணாவின் மனைவி செல்வி அக்கா, கண்ணெல்லாம் சிவந்து. பக்கத்தில் அண்ணாவின் அக்கா வசந்தா, கையில் கிண்ணத்தோடு.

"வாம்மா, நல்ல நேரம் போய்கினே கீது. தேனும் கலந்து வெச்சிகீறேன்."

"பால் குடுத்தீங்களாக்கா?"

"பால் எங்க? மஞ்சளா ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு வருது. அது கெட்ட பாலு. பீச்சி ஊத்தச் சொல்லிட்டேன். மூணு நாள்ல நல்ல பால் வந்துடும். அதுவரிக்கும் சக்கரைத் தண்ணி."

"எனக்குப் பாலே இல்ல போலகீது..." என்றாள் செல்வி அக்கா, சுவரைப் பார்த்து.

இங்கே ஒரு நிமிடம், வாசகர்களே. அந்த மஞ்சள் சொட்டுதான் சீம்பால். பிறந்த குழந்தையின் குடல், நம் தாம்பரம் பக்கத்துக் காலி மனை மாதிரி. முதலில் வந்து குடிசை போடுகிறவர் லேசில் கிளம்ப மாட்டார்! நல்ல கிருமி முந்துகிறதா, கெட்டது முந்துகிறதா என்பதில் முதல் சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. தாய்ப்பாலில் சில வகைச் சர்க்கரைகள் இருக்கின்றன. குழந்தையால் அவற்றை ஜீரணிக்கவே முடியாது. பின்னே யாருக்கு? அந்த நல்ல கிருமிகளுக்கு. வாடகைக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்தே அம்மாவின் உடம்பு சமைத்து அனுப்புகிறது.

மூளை? அந்தக் கிருமிகளுக்கும் மூளை வளர்ச்சிக்கும் பேச்சுவார்த்தை உண்டா என்று எலிகளை வைத்து ஆராய ஆரம்பித்திருக்கிறார்கள். ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். முழு விடை இன்னும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மூளை மளமளவென்று வளர்கிற வயது அது. சீம்பாலைக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டிய வயது இல்லை. தேன்? ஒரு வயது வரை கூடவே கூடாது.

இத்தனையும் அங்கே லெக்சர் அடித்தால் எடுபடுமா?

"அண்ணா, சேனை வைக்கிற உரிமை எனக்குத்தானே?"

"அதுல இன்னா டவுட்டு?"

"அப்ப எனக்குப் பதிலா செல்வி அக்கா வைக்கட்டும். கிண்ணத்துலேர்ந்து இல்ல... நேரா."

வசந்தா அக்காவுக்குச் சுருக்கென்றது. "இவளா? பத்தாவதுல ரெண்டு வாட்டி கோட் அடிச்சவ! இவ புத்தி வந்தா விளங்கிடும்!"

செல்வி அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"பத்து மாசம் உள்ள வெச்சிருந்தவங்கக்கா. வர்ற புத்தி எப்பவோ வந்தாச்சு. இனிமே தடுக்க முடியாது!"

முருகேசன் அண்ணா சிரித்துவிட்டார். வாசலில் நின்ற நர்ஸம்மாவும். "காலையிலேர்ந்து நானும் கத்தறேன். யாரு கேக்கறா? அண்ணா, நீங்க வெளிய நில்லுங்க" என்றபடி உள்ளே வந்தார். பாப்பாவைத் தூக்கி அக்காவின் மார்போடு அணைத்து வைத்தார்.

முதல் தடவை பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே அழுகை. "பாத்தியா, நான் சொல்லல?" என்றார் வசந்தா அக்கா. நர்ஸம்மா மட்டும் அசையவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார்.

மூன்றாம் தடவை... அழுகை நின்றது.

"இழுக்கறாப்பா!" செல்வி அக்கா என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. "ஐயோ, எப்படி இழுக்கறா பாரேன்!"

வசந்தா அக்கா விடுவாரா? "சாஸ்திரத்துக்கு நீ ஒரே ஒரு சொட்டு தொட்டு வையேம்மா..."

"மாட்டேங்க்கா."

"இன்னா பேஜாரு புடிச்ச பொண்ணுடி நீ! இவ்ளோ அடமா?"

அடம்தான். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் — இதைச் சொல்ல தினமும் சாயங்காலம் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவதாக இருக்கிறேன். நிஜமாகவே பால் போதாவிட்டால் டாக்டரைக் கேட்போம். கிண்ணத்தை அல்ல.

இந்த மாதம் உங்கள் தெருவில் யாருக்காவது பிரசவமா? கட்டாயம் போய்ப் பாருங்கள்.

வெறுங்கையோடு போங்கள்!