அம்மாவின் இரத்தத்தில் அண்ணா

அண்ணா காணாமல் போன வருஷம் நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். யுத்த காலம். ஒரு பின்னேரம் வெள்ளவத்தைக்குக் கணினி வகுப்புக்கென்று போனவர், கொட்டாஞ்சேனையில் இருந்த எங்கள் தொடர்மாடி வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் சிலர் அவரை ஒரு வான் வண்டிக்குள் ஏற்றியதைப் பழக்கடைக்காரர் கண்டிருந்தார். அதை எழுத்தில் தர மட்டும் மறுத்துவிட்டார். துறைமுக அலுவலகத்தில் கிளாக்காக வேலை பார்த்த அப்பா லீவு போட்டுவிட்டுப் பொலிசுக்கும் இராணுவ முகாம்களுக்கும் அலைந்தார். அம்மா எங்கும் போகவில்லை. சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டார், மாலையில் செபமாலை சொன்னார், என்னுடன் கதைப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார்.

அந்த வயதில் எனக்கு விஞ்ஞானத்தில் பெரிய தலைக்கனம். ஞாயிறு பத்திரிகையின் விஞ்ஞானப் பக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் உரக்க வாசிப்பேன். அண்ணா இருந்தவரை காதைப் பொத்திக்கொள்வார். அவர் காணாமல் போன பிறகு வந்த ஒரு ஞாயிறு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா மட்டும்தான் இருந்தார். அவருக்கு வாசித்தேன். வயிற்றில் இருக்கும் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களான கலங்கள் தாயின் இரத்தத்தில் கலந்துவிடுகின்றனவாம். பிள்ளை பிறந்து எத்தனையோ வருஷம் கழிந்த பிறகும் சில தாய்மாரின் உடம்பில் அவற்றைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"அண்ணாவின்ரயும் இருக்குமோ?"

"இருக்கலாம் அம்மா."

"உயிரோடயோ?"

"ஓம், உயிரோடதான்."

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எங்கள் வீட்டில் பெருநாள் மாதிரி இருந்தன. அம்மா அண்ணாவின் சேர்ட்டுகளைத் தோய்த்து அயர்ன் பண்ணினார். கட்டில் விரிப்பை மாற்றினார். என்னை இழுத்து இருத்தித் தலை பின்னிவிட்டார். அப்பா மட்டும் அம்மாவைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, கீழ்மாடியில் தையல் தைக்கும் அன்ரி மீன் குழம்பு கொண்டுவந்தார். அம்மா அவரைப் போகவிடாமல் இருத்தி, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

"அக்கா, மகன் உயிரோட இருக்கிறான். அவன்ர உயிர் என்ர இரத்தத்தில ஓடுதாம். அவனுக்கு ஏதும் நடந்திருந்தா அதுவும் செத்திருக்கும்தானே? இவள்தான் பேப்பரில வாசிச்சுக் காட்டினவள்."

அன்ரி என் பக்கம் திரும்பினார். "அப்பிடியே மகள்?"

ஒரு பிழையைப் பிழையாகவே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் கையை உயர்த்தும் அதே உற்சாகத்தோடு சொன்னேன்.

"இல்லை அன்ரி, அம்மா பிழையா விளங்கிக்கொண்டா. பிள்ளை செத்துப்போனாலும் அந்தக் கலங்கள் தாயில இருக்கும். பிறக்காமலே அழிஞ்ச பிள்ளையளின்ரகூட இருக்குதாம்."

அன்ரி குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்து, திரும்ப மூடினார். "சூடாக்கிச் சாப்பிடுங்கோ" என்றுவிட்டு மெல்லப் படியிறங்கிப் போனார்.

அம்மா அழவில்லை. கதிரையில் இருந்தபடி மணிக்கட்டைத் திருப்பி, நரம்பு பச்சையாகத் தெரிகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு "அவன் வருவான்" என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அண்ணா வரவும் இல்லை.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, அம்மாவுக்கு விஞ்ஞானம் விளங்கவில்லை என்று மட்டுமே நான் நினைத்தேன். பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்து ஒரு தாயின் உருவம் கீறி, உள்ளே சிவப்புப் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்து, அவர் மடியில் விரித்தேன். "இஞ்ச பாருங்கோ அம்மா" என்று முதலிலிருந்து, இந்த முறை இன்னும் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, விளங்கப்படுத்தத் தொடங்கினேன்.