பை மட்டும் புறப்பட்டது

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டு நடையில், ஆணியில், ஒரு காக்கிப் பை வருடக்கணக்கில் தொங்கியது. அது எங்களுடையது அல்ல. பக்கத்து வீட்டுக் கோவிந்தராசுவுடையது. அதைக் கழற்றிப் பரண்மேல் போடக்கூட எனக்கு உரிமை கிடையாது. ஏனென்றால் சாஸ்திரப்படி அந்தப் பை பயணத்தில் இருந்தது.

நினைத்த நாளில் கிளம்ப முடியாதவர்கள், நல்ல நேரம் பார்த்துப் பையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். பை படி தாண்டினால் ஆளும் தாண்டியதாகக் கணக்கு. மற்றவர்கள் ஓரிரு நாளில் பையை எடுத்துக்கொண்டு உண்மையிலேயே கிளம்பிவிடுவார்கள். கோவிந்தராசு அப்படி இல்லை. பையை எங்கள் ஆணியில் மாட்டிவிட்டு, ஏதோ காசிக்கே போய் வந்தவர் மாதிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

இத்தனைக்கும் பாதி உலகத்தை வழியனுப்பி வைத்த மனிதர் அவர்.

எழுபத்திரண்டில் மார்செல் என்ற பிரெஞ்சுக்காரரும் அவர் மனைவி இரேனும் ஒரு வேனில் கடலூர் சாலையில் வந்தார்கள். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் எல்லாம் தாண்டித் தரைவழியாகவே வந்த வேன், கோவிந்தராசு வீட்டு வாசலில் கொதித்துப்போய் நின்றது. தண்ணீர் கேட்டார்கள். அவர் மில்லில் வேலை செய்தவர், பழைய மேஸ்திரியிடம் திட்டு வாங்கியே கொஞ்சம் பிரெஞ்சு கற்றவர். "முசியே, மதாம், உள்ள வாங்க" என்று வேனையே வீட்டுக்குப் பின்னால் இருந்த தென்னந்தோப்புக்குள் தள்ளிவிட்டார். கிணறு இருந்தது, நிழல் இருந்தது. அவர் மனைவி செல்வாம்பாள் கீற்று முடைந்து குளிக்க மறைப்பு கட்டிக் கொடுத்தாள், காலையில் இட்லி அவித்தாள். போகும்போது மார்செல் ஒரு பலகையில் 'கேம்பிங் கோவிந்தராசு' என்று பிரெஞ்சில் எழுதி வேலியில் கட்டிவிட்டுப் போனார். அந்தப் பலகைக்கு என்ன வசியமோ, அடுத்த வருடத்திலிருந்து ஜெர்மன்காரன், இத்தாலிக்காரன் என்று வரிசையாக வேன்கள் வந்து தோப்பில் நின்றன.

வருவதற்கு ஒரு நிபந்தனையும் இல்லை. போவதற்குத்தான் இருந்தது.

செவ்வாய், புதன் வடக்கே சூலம். மெட்ராஸ் பக்கம் வண்டியை எடுக்க விடமாட்டார். வியாழன் தெற்கே சூலம். மதுரைக்குப் போகிறவன் கப்சிப் என்று படுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதற்கு நடுவில் ராகுகாலம், எமகண்டம். மீறி வண்டியை எடுத்தால் கேட்டுக்கு நடுவில் நின்று இரண்டு கையையும் விரிப்பார். முதலில் வந்தவர்கள் இது ஊரடங்குச் சட்டம் என்று நினைத்துப் பயந்துபோய் உட்கார்ந்தார்கள். பிறகு, பாண்டிச்சேரியில் ஒரு முகாம் இருக்கிறது, எப்போது கிளம்பலாம் என்று அந்த வீட்டுக்காரர்தான் சொல்வார் என்று சாலையெங்கும் செய்தி பரவி, அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரனுக்கு வேறு வேலை இல்லை என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டோம். எங்களுக்கும் வேறு வேலை இல்லை, தினமும் போய் வேடிக்கை பார்த்தோம்.

அவசரக்காரர்களுக்குப் பரிகாரம் உண்டு. வடக்கே போகிறவன் பால் குடிக்க வேண்டும், மேற்கே போகிறவன் வெல்லம் தின்ன வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் ஆறடி உயர ஜெர்மன்காரர்கள் ஆளுக்கொரு டம்ளரோடு செல்வாம்பாள் முன்னால் வரிசையில் நிற்பார்கள். பெரிய மார்க்கெட்டில் ஒரு வெள்ளைக்காரன் வெல்லக்கடையைத் தேடி அலைந்தால், அது ஞாயிறோ வெள்ளியோ, அவன் மேற்கே போகிறான், கோவிந்தராசு தோப்பிலிருந்து வருகிறான் என்று மண்ணாங்கட்டி என்ற மூட்டை தூக்குகிற ஆள்கூடச் சொல்லிவிடுவான்.

ஒருமுறை ஒரு இத்தாலிக்காரர் வண்டிக்குப் பிரேக் சரியாக மறுநாள் ஆகும், நல்ல நேரமோ அன்றைக்குத்தான் இருந்தது. கோவிந்தராசு அசரவில்லை. தெருவே கூடி அந்த வேனைத் தள்ளி எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியது. பரஸ்தானம் ஆகிவிட்டது. "போன் வொயாழ்" என்று பிரெஞ்சில் பயண வாழ்த்துச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். அனுப்பிவைத்தது இருபது அடி தூரம். அன்று மாலை அந்த இத்தாலிக்காரர் சோப்பும் துண்டுமாகத் தோப்புக்குள் நுழையப் பார்த்தார். கோவிந்தராசு கேட்டைச் சாத்திவிட்டார். புறப்பட்டவர் திரும்பி உள்ளே வரக்கூடாதாம். மனிதர் எங்கள் வீட்டில் குளித்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டு, எங்கள் வீட்டு நாயோடு பேசிக்கொண்டிருந்தார். என் மனைவி சுலோசனா வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டாள்.

"அண்ணே, கேம்பிங் உங்களுதா, எங்களுதா?"

"ஒரு ராத்திரிதானம்மா. அவரு போய்ட்டாரு. நீ பாக்கறது பாதி வழியில இருக்கற ஆளு."

இப்படிப்பட்டவரோடுதான் செல்வாம்பாள் குடித்தனம் நடத்தினாள். வேன்கள் கிளம்பும்போது அவளுக்கும் ஒரு வேலை இருந்தது. நிறைகுடத்தோடு எதிரே வர வேண்டும். சகுனம். கோவிந்தராசு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்துக் கற்பூரம் காட்டி முடித்ததும் தொண்டையைக் கனைப்பார். அவள் இடுப்பில் குடத்தோடு தெருமுனையிலிருந்து ஒன்றும் தெரியாதவள் போல நடந்து வருவாள். காத்மாண்டுக்கும் கொழும்புக்கும் போகிற வண்டிகள் அவளைக் கடந்து போகும். அவள் திரும்பி நின்று கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் மாட்டுக்கு ஊற்றுவாள்.

அவள் போக நினைத்தது கொழும்புக்கு அல்ல, திருப்பதிக்கு. அறுபத்தொன்பதில் கோவிந்தராசு டைபாய்டில் படுத்து, பிழைக்கமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி மாடத்தில் கட்டி, இவர் பிழைத்தால் அழைத்துவந்து மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அவர் பிழைத்துக்கொண்டார். மொட்டை மட்டும் பாக்கி. அதற்குப் புறப்பட்ட பைதான் எங்கள் ஆணியில் தொங்கியது.

பஸ்ஸில் போகலாமே என்றால், "பஸ்சுக்கு ராகுகாலம் தெரியுமா?" என்பார். சரி, நீ மட்டும் போய் வாயேன் என்று சுலோசனா ஒருநாள் சொன்னாள்.

"முடி அவரு தலையில இருக்குது. நான் தனியாப் போயி என்னா பண்றது?" என்றாள் செல்வாம்பாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உடனே கண் கலங்கிவிட்டது. "அவருக்கு என்னாத்துக்கு பயம் சொல்லு? சாமிகிட்ட வாக்கு குடுத்தவ நான். அவரு ஒரு தும்மல் போட்டாக்கூட சாமி மாடத்துக்கு ஓடறேன் சுலோ. குடுத்த உயிரை அவன் திருப்பிக் கேட்டுட்டா நான் என்னா பண்ணுவேன்?"

கோவிந்தராசுவுக்கு நிஜமான பயம் சூலத்தின் மேல் அல்ல, கோரிமேட்டின் மேல் என்பது தெருவுக்கே தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில் கோரிமேடு இரண்டு நாட்டுக்கு எல்லை. இளவட்டமாக இருந்தபோது ஒரு கல்யாணக் கோஷ்டியோடு திண்டிவனம் கிளம்பினார். எல்லையில் எல்லோர் பையையும் சோதித்தார்கள். இவர் பையைச் சாலையில் கொட்டியபோது ஒட்டுப்போட்ட உள்ளாடைகளும் ஒரு கிழிந்த பனியனும் பெண் வீட்டார் காலடியில் விழுந்தன. சிரிப்பு என்றால் அப்படிச் சிரித்தார்களாம். இவர் பையைக் கட்டிக்கொண்டு அங்கிருந்தே திரும்பியவர், அதற்குப் பிறகு அந்த மேட்டைத் தாண்டவில்லை. எல்லையை எடுத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"எடுத்தவன் திருப்பிப் போட எவ்ளோ நேரம் தம்பி ஆவும்?" என்றார்.

அதனால்தான் அந்தக் காக்கிப் பைக்குள் எல்லாமே புதுசு. மடிப்புக் கலையாத வேட்டி, புதுப் பனியன், புதுத் துண்டு. நடுரோட்டில் கொட்டினாலும் கௌரவமாக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் வீட்டுக்கு வந்து, பழைய வேட்டியை எடுத்துக்கொண்டு புதிதை மடித்து வைத்துவிட்டுப் போவார்.

எழுபத்தொன்பதில் மார்செலும் இரேனும் மறுபடி வந்தார்கள். மார்செலுக்குத் தலை நரைத்திருந்தது, வேனுக்குத் துரு பிடித்திருந்தது. ஈரானில் கலவரம், ஆப்கானிஸ்தானில் சண்டை, தரைவழி அடைபட்டுவிட்டது, இனி வேன்கள் வராது என்றார்கள். இவர்களே வேனை மெட்ராஸில் கப்பலில் ஏற்றிவிட்டு விமானத்தில் ஊர் திரும்பப் போகிறார்கள். தோப்பில் வேறு வண்டியே இல்லை. கோவிந்தராசு இடிந்துபோய்த் தென்னையடியில் உட்கார்ந்திருந்தார். செல்வாம்பாளோ அன்று சாயங்காலம் இரேனைக் கிணற்றடிக்கு அழைத்துப்போனாள். இவளுக்குப் பிரெஞ்சு தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. செல்வாம்பாள் புருஷன் இருந்த திக்கைக் காட்டினாள், தன் தலையைத் தடவிக் காட்டினாள், மலை மாதிரி கையைக் குவித்துக் காட்டினாள். பிறகு அழுதாள். அதற்கு மேல் மொழி தேவைப்படவில்லை போலிருக்கிறது.

மார்செல் வேனுக்குக் கோவிந்தராசு இதுவரை யாருக்கும் பார்க்காத அளவு சுத்தமான நேரம் பார்த்தார். வியாழக்கிழமை, வடக்கே தடையில்லை, திதியும் நட்சத்திரமும் கூடி வந்தன. கடைசி வண்டி அல்லவா! அன்று வேனைக் கேட்டுக்கு வெளியே தெருவில் நிறுத்தி, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, தானும் படி தாண்டி வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

தெருமுனையிலிருந்து நிறைகுடத்தோடு வந்தது என் மனைவி சுலோசனா.

"என்னா நீ வர்ற? செல்வாம்பா எங்க?"

வேனின் பின்கதவு திறந்தது. உள்ளே செல்வாம்பாள் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் காக்கிப் பை. அதைக் காலையில் என் ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தவன் நான்தான். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

"இது என்னாடி கூத்து, எறங்கு" என்றார்.

"நான் பொறப்பட்டாச்சு. நீங்களுந்தான். நல்ல நேரத்துல படி தாண்டிட்டீங்க, பையும் வண்டியில ஏறியாச்சு, நெறகுடமும் எதுக்க வந்துடுச்சு. இனிமே உள்ள போனீங்கன்னா அது யாருக்கு ஆவாதுன்னு நீங்களே சொல்லுங்க."

கோவிந்தராசு கேட்டைப் பார்த்தார். பூட்டு தொங்கியது. அவர் வேனுக்குள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பூட்டிய சாவி சுலோசனாவின் இடுப்பில் இருந்தது. நாள் தப்பு என்று சொல்ல முடியாது, நாளைப் பார்த்தவரே அவர்தான். வேனைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஒரு பூனை குறுக்கே போகாதா என்று தெருவின் இரண்டு பக்கமும் ஏக்கமாகப் பார்த்தார். அங்கே பூனை இல்லை. தெருவில் இருந்த இரண்டையும் சுலோசனா விடிந்ததுமே கருவாடு காட்டிச் சமையலறையில் அடைத்திருந்தாள்.

"தடங்கலா இருக்குது. உள்ள போயி உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்றார். அது பரிகாரம். செல்வாம்பாள் வேனுக்குள்ளிருந்து செம்பை நீட்டினாள்.

"இங்க உக்காந்து குடிங்க."

ஏறி உட்கார்ந்தார். மார்செல் இதற்காகவே காத்திருந்தவர் போல வண்டியை எடுத்தார். "போன் வொயாழ் அண்ணே!" என்று தெருவே கத்தியது. நானும் கத்தினேன்.

நான்காம் நாள் இருவரும் பஸ்ஸில் திரும்பி வந்ததையும், அந்த மொட்டைத் தலையையும், அவர் வீடு வீடாக லட்டு கொடுத்ததையும் ஊரே பார்த்தது. கோரிமேட்டில் நடந்ததை மட்டும் செல்வாம்பாள் வேலி ஓரமாக நின்று சுலோசனாவிடம் சொன்னாள்.

வேன் ராஜா தியேட்டரைத் தாண்டியதுமே கோவிந்தராசு கண்ணை மூடிக்கொண்டாராம். கோரிமேட்டில் சாராயம் கடத்துகிறார்களா என்று பார்க்கப் போலீஸ்காரர் ஒருவர் நின்றிருந்தார். வெள்ளைக்காரர் வண்டி என்றதும் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், போ போ என்று கையை ஆட்டிவிட்டார். வண்டி நகர்ந்தது. கண்ணைத் திறந்த கோவிந்தராசு "நிறுத்து" என்று கத்தினார். பையோடு இறங்கிப் போலீஸ்காரர் முன்னால் சாலையில் உட்கார்ந்தார். வேட்டி, பனியன், துண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து விரித்தார்.

"பாத்துக்குங்க சார். எல்லாம் புதுசு. நல்லாப் பாத்துக்குங்க."

போலீஸ்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு பெரியவரே உன்னைக் கேட்டாங்க? ரோட்டை அடைக்காதே, எடுத்துக்கினு கெளம்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த லாரியைப் பார்க்கப் போய்விட்டார்.

அங்கே யாரும் சிரிக்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. செல்வாம்பாள் இறங்கி வந்து ஒவ்வொன்றாகத் தூசி தட்டி மடித்துப் பைக்குள் வைத்தாள். அவர் உட்கார்ந்தபடியே அவளை அண்ணாந்து பார்த்தார்.

"இவ்ளோதானா செல்வாம்பா?"

"இவ்ளோதான். ஏறுங்க."